மாடித் தோட்டத்துக்கு யார் எதிரி?

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

மாடித் தோட்டம் போடறவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி ரெண்டு. ஒண்ணு, "பூச்சி வந்தா என்ன பண்றது?" இன்னொண்ணு, "யாரோ செடியை ஒடிச்சுட்டுப் போயிடறாங்க, என்ன பண்றது?" இன்னைக்கு ரெண்டையும் சேர்த்தே பேசலாம். எனக்கு ரெண்டும் ஒரே வருஷத்துல நடந்தது. ரெண்டுலயும் நான் பண்ணினது ஒரே தப்புதான்.

வேளச்சேரியில நாலு மாடி அபார்ட்மென்ட் எங்களுது. மொட்டை மாடியில முப்பது க்ரோ பேக் வெச்சிருந்தேன். கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய். எல்லாமே நேரா தரை மேலதான். ஸ்டாண்ட் வாங்கணும்னு நினைச்சு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்.

முதல்ல வந்தது மாவுப்பூச்சி. கத்தரித் தண்டுல பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையா இருக்கும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணியோட கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையோட அடிப்பக்கமும் நனையற மாதிரி அடிக்கணும். அடிச்சேன். போச்சு. பத்தே நாள்ல திரும்ப வந்துடுச்சு.

அப்புறம்தான் உட்கார்ந்து பொறுமையா பார்த்தேன். தண்டுல எறும்பு வரிசையா ஏறிட்டு இருக்கு. மாவுப்பூச்சி செடியோட சாறை உறிஞ்சிட்டு, இனிப்பா ஒரு திரவத்தை வெளியேத்தும். அதுதான் எறும்புக்குச் சாப்பாடு. அதுக்குப் பதிலா, மாவுப்பூச்சியைத் தின்ன வர்ற பொறிவண்டை எறும்பு விரட்டிவிடும். எறும்பை விட்டுட்டு மாவுப்பூச்சிக்கு மட்டும் மருந்தடிச்சா, நாம காலம் முழுக்க அடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

இன்னொரு கூத்தும் நடந்தது. மிளகாய்ச் செடியில அசுவினி இருந்த இடத்துல, கறுப்பா, ஆரஞ்சுப் புள்ளியோட, குட்டி முதலை மாதிரி ஒரு புழு. அதைத் தேடித் தேடி நசுக்கினேன். அதுதான் பொறிவண்டோட குஞ்சு! அசுவினியைத் தின்ன வந்த ஆளையே நான் கொன்னுட்டு இருந்திருக்கேன்.

சரி, இப்ப மனுஷங்க கதைக்கு வருவோம்.

ஐப்பசி மழை ஆரம்பிச்ச நேரம். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மேல போனா, ஆறு பேக் சாய்ஞ்சு கிடக்கு. தக்காளிச் செடி அடியோட ஒடிஞ்சிருக்கு. பச்சைக் காயெல்லாம் மிதிபட்டுக் கிடக்கு. உண்மையைச் சொல்றேன், அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேல கிரிக்கெட் விளையாடற பசங்கதான்னு முடிவு பண்ணிட்டேன். கோபத்துல வாட்ஸப் குரூப்ல எழுதினேன். மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டாங்க. வீட்டுக்கு ஒரு சாவி. பசங்களுக்கு ஆட்டம் போச்சு.

மூணு வாரம் கழிச்சு மறுபடியும் அதே மாதிரி. பூட்டு அப்படியே இருக்கு. அப்போ சாவி இருக்கிற யாரோதான்.

கேமரா வாங்கலாமான்னு பார்த்துட்டு இருந்தப்போ, நாலாவது மாடி சார் அவரே வந்து கூப்பிட்டார். "நான்தான் தம்பி. உள்ள வந்து பாருங்க." அவங்க அம்மா படுக்கிற கட்டிலுக்கு நேர் மேல, சீலிங்ல கறுப்பா ஈரத்திட்டு. பூச்சு பெயர்ந்து விழுந்திருக்கு. கீழ ஒரு பக்கெட். என் பேக்லேர்ந்து வழிஞ்ச மண்ணு, மழைத்தண்ணி போற குழாயை அடைச்சுடுச்சு. தண்ணி தேங்கி, கீழ இறங்கியிருக்கு. ராத்திரி மழையில அடைப்பை எடுக்க வந்தவர், ஆத்திரத்துல பேக்கை எட்டி உதைச்சிருக்கார்.

இதை அவர் என்கிட்ட முன்னாடியே ரெண்டு தடவை படிக்கட்டுல சொல்லியிருக்கார். ரெண்டு தடவையும் நான், "பார்க்கறேன் சார்"னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

அவர் செஞ்சது சரின்னு நான் சொல்லல. அதை அவர்கிட்டயும் சொன்னேன். ஆனா பூட்டும் கேமராவும் அந்த ஒழுகலை நிறுத்தியிருக்காது.

அதுக்கப்புறம் செஞ்சது இதுதான். முப்பது பேக்கைப் பதினெட்டாக் குறைச்சேன். எல்லாத்தையும் இரும்பு ஸ்டாண்ட்ல ஏத்தி, கீழே தட்டு வெச்சேன். தண்ணி போற குழாய் வாய்க்கு வலை போட்டேன். மேஸ்திரியை வெச்சு விரிசலை அடைச்சோம், செலவுல பாதி என்னோடது. ஸ்டாண்ட் கால்ல கிரீஸ் தடவினதும் எறும்பு ஏறுறதும் குறைஞ்சது. நான் தள்ளிப் போட்ட அதே ஸ்டாண்ட்தான் ரெண்டு பிரச்சினைக்கும் மருந்து.

பசங்ககிட்ட அதே குரூப்லயே மன்னிப்பு கேட்டேன். குற்றம் சொன்ன இடத்துலதானே கேட்கணும்? ரெண்டு பேர் திரும்ப வந்தாங்க. இப்ப இலையைத் திருப்பிப் பார்த்துப் பூச்சி கண்டுபிடிக்கிறது அவங்கதான். ஒரு பையன் மட்டும் இன்னும் மேல வர்றதில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துது.

அதனால உங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி எறும்பு இருக்கான்னு பாருங்க. ஒரு புழுவை நசுக்கறதுக்கு முன்னாடி அது யாருன்னு தெரிஞ்சுக்கோங்க. மாடியில முதல் பேக் வைக்கிறதுக்கு முன்னாடி, கீழ் வீட்டுக்காரங்க சீலிங்கைப் போய் ஒரு தடவை பாருங்க.

போன வாரம் அந்த சார் வீட்டுக்குக் கத்தரிக்காய் கொண்டு போனேன். "வேண்டாம் தம்பி, அம்மாவுக்கு ஆகாது"ன்னுட்டார். நிஜமா ஆகாதா, இல்ல கோபமான்னு தெரியல. அடுத்த தடவை வெண்டைக்காய் எடுத்துட்டுப் போகப் போறேன்.