பூட்டு யார் போட்டது?



திருச்சி ஜில்லா துவரங்குறிச்சியில் 1968-ல் பிறந்த ஒரு முஸ்லிம் பெண்ணை, 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி வீட்டுக்குள் அடைத்தார்கள். பருவமடைந்த பெண் தெருவில் நடமாடுவது மார்க்கத்திற்கும் மானத்திற்கும் அடாது என்பது ஊர்க் கட்டு. கைக்குக் கிடைத்ததைப் படித்தே அவர் உலகத்தை அறிந்தார். கலியாணமான பிறகும் கக்கூசில் மறைந்து நின்றுதான் கவிதை எழுத முடிந்தது. அவர்தான் கவிஞர் சல்மா. அச்சுவர்களுக்குள் பெண்கள் படும் பாட்டை 2004-ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலில் ஊரறியச் சொன்னார்.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். 2001-ல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. உடனே வீட்டாரே அவரைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். அவரும் ஜெயித்தார், 2025-ல் ராஜ்ய சபைக்கும் சென்றார்.

தோழர்களே! இதற்கிடையில் வேதத்தில் ஓர் எழுத்தாவது மாறிற்றா? பதவிக்குத் திறந்த கதவு படிப்புக்கு ஏன் திறக்கவில்லை? பூட்டுப் போட்டவன் ஆண்டவனல்ல, ஆண்பிள்ளைதான் என்பது விளங்கவில்லையா?

இதைக் கேட்டு மற்ற மதத்தார் சிரிக்க வேண்டாம். "பெரியவளாகிவிட்டாள்" என்று பெண்ணின் படிப்பை நிறுத்துகிற வீடெல்லாம் கோஷா வீடுதான். அப்படி ஒரு வீடு உங்கள் தெருவிலிருந்தால், நாளைக் காலையிலேயே போய்ப் பேசி அப்பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் செய்யுங்கள் என்று கேட்டு முடித்துக் கொள்ளுகிறேன்.