ஒரு பாதை, இரு வண்டிகள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



2001-இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், நம் வட்டாரத்து மக்கள் பலர் பிழைப்பின் பொருட்டு இரயிலேறிப் பெங்களூருக்குச் செல்லலாயினர். அவ்விரயிலைக் கொண்டே கணிப்பொறி இயலின் அரிய கருத்தொன்றை விளக்க முற்படுகிறேன்.

ஒற்றை இருப்புப்பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் புகுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அதனைத் தடுக்க, நம் நாட்டு இரயில் பாதைகளில் நீல் என்பாரின் பெயரால் வழங்கும் பந்துக் கருவி பல்லாண்டுகள் பயன்பட்டது. அடுத்தடுத்த இரு நிலையங்களில் ஒவ்வொரு கருவி இருக்கும். இரண்டையும் மின்கம்பி இணைக்கும். ஒன்றிலிருந்து ஒரு பந்து வெளிவந்தால், அது கருவிக்குள் திரும்பும் வரை எந்தக் கருவியும் வேறு பந்தைத் தராது. பந்து பெறாத ஓட்டுநர் அப்பாதையில் நுழையலாகாது.

இதன் உறுதியை மெய்ப்பிப்பது எளிது. தொடக்கத்தில் வெளியே பந்தில்லை. வெளியே பந்து இல்லாதபோது மட்டுமே ஒன்று வரும். அதுவும் பின்னர்த் திரும்பும். எனவே, எத்தனை ஆண்டுகள் ஓடினும் வெளியிலுள்ள பந்து ஒன்றுக்கு மேற்படாது. நாள்தோறும் சென்று பார்த்தறிய வேண்டுவதில்லை.

கணிப்பொறியிலும் பல நிரல்கள் ஒரே வேளையில் ஓடி, ஒரே நினைவகத்தைக் கையாளுகின்றன. பத்துப் படிகள் கொண்ட இரு நிரல்கள் மட்டுமே ஓடினும், அப்படிகள் மாறி மாறி நிகழக்கூடிய வரிசைகள் 1,84,756. அனைத்தையும் ஓட்டிச் சோதிப்பது எங்ஙனம்?

இதனைப் புறக்கணித்ததன் விலை மனித உயிர். தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவப் பொறி, 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிரைப் பாய்ச்சியது, சிலர் மாண்டனர். 1986-இல் டெக்சாஸில் நேர்ந்தது யாது? இயக்குபவர் தட்டச்சில் நேர்ந்த பிழையைச் சில நொடிகளில் திருத்தினார். காந்தங்களை அமைப்பதில் ஈடுபட்டிருந்த நிரல் அத்திருத்தத்தைக் கவனிக்கவில்லை. மெதுவாகத் தட்டினாலோ பிழை தோன்றாது! முந்தைய பொறிகளில் காவலாயிருந்த இயந்திரப் பூட்டுகளும் இதில் விடப்பட்டிருந்தன.

இதற்கு மருந்து, பந்துக் கருவிக்குச் செய்ததுபோல் நிரலையும் கணித முறையில் மெய்ப்பிப்பதே. 1965-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற மணி சாண்டி, ஜயதேவ் மிஸ்ராவுடன் இணைந்து 1988-இல் இத்துறையில் சிறந்த நூலொன்றை வெளியிட்டார். அம்முறைப்படி முதலில் இரண்டை எழுதிவைத்தல் வேண்டும்: எக்காலத்தும் நேரக் கூடாதது எது? என்றேனும் நேர்ந்தே தீரவேண்டியது எது? இரண்டாவதும் இன்றியமையாதது. இரு நிலையங்களும் பந்தே தர மறுத்தால் மோதல் நேராது. ஆனால் வண்டியும் ஊர் போய்ச் சேராது!

பெற்றோர்களே! கணிப்பொறி கற்கும் நம் பிள்ளைகளிடம், “நீ எழுதியது ஓடுகிறதா?” என்று கேட்பதோடு நில்லாதீர்கள். “அது தவறாது என்பதற்குச் சான்று என்ன?” என்றும் கேளுங்கள். அவர்கள் எழுதும் நிரலை நம்பி எங்கோ ஒரு நோயாளி படுத்திருக்கக்கூடும்.