சில்லுக்கும் குடத்துக்கும் நடுவே

மாங்குளச் சந்தியில் சற்று நேரம் நிற்பவர் கண்ணுக்கு, இலங்கையின் மோட்டார் வண்டி வரலாறே அணிவகுத்துச் செல்வதாகத் தோன்றும். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியிலிருந்து, கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும், மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்துக்கும் வழிகள் பிரியும் இடம் இது. போர்க்காலத் தடைகளின்போது மண்ணெண்ணெயில் ஓடிப் பெயர்பெற்ற ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளில் எஞ்சியவையும், யப்பானிலிருந்து வந்த சிறு கார்களும் ஒரே வீதியில் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி பிறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் புது வண்டி வாங்க இயலாதவர்கள் பழைய வண்டிக்குப் புதுக்கோலம் புனைந்தார்கள். வேறொரு காரின் அலோய் சில்லைக் கொணர்ந்து பூட்டுவது அக்கோலங்களுள் ஒன்று. அச்சில்லு உள்ளே உராயுமிடத்து, அதனை வெளியே தள்ளுவதற்காகச் சில்லுக்கும் குடத்துக்கும் நடுவே வைக்கும் வட்டத் தட்டே ஸ்பேசர் எனப்படுவது.

இத்தட்டினால் வண்டி அகலும், அகன்றால் அசையாது நிற்கும் என்பது பலருடைய எண்ணம். மொறிஸ் மைனரின் பிறப்புக் கதை இவ்வெண்ணத்துக்கு நல்ல விடையாகும். அவ்வண்டியை வரைந்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி கண்ணுக்கு மிக ஒடுங்கித் தோன்றுகிறதென்று கருதி, அதனை நெடுக்காக இரண்டாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, ஈற்றில் 4 அங்குல இடைவெளியே பொருத்தமென்று முடிவுசெய்தார். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளம். முன்னரே செய்துவைத்த மோதுதாங்கிகளையும் வெட்டி, நடுவே 4 அங்குலத் துண்டு வைத்துப் பொருத்த நேர்ந்தது. 1948 ஒக்டோபரில் இலண்டன் கண்காட்சிக்கு வந்த வண்டி இதுவே. அகலம் வேண்டுமென்றவர் உடலை அகலப்படுத்தினாரேயன்றிச் சில்லை மட்டும் வெளியே தள்ளவில்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். ஸ்பேசரோ உடலையும் அச்சையும் பெயாரிங்கையும் இருந்தபடியே விட்டுவிட்டுச் சில்லை மட்டும் நகர்த்துகின்றது. நெம்புகோலின் கை நீள்வது போலப் பெயாரிங்கின்மேல் விழும் சுமை கூடுகின்றது. குழியில் ஒரு சில்லு விழுந்தால் சுக்கான் முன்னிலும் வலிமையாக அப்பக்கம் இழுக்கின்றது. மட்காட்டைத் தாண்டி வெளியே நிற்கும் ரயர், கிரவல் வீதியின் கல்லை எடுத்துப் பின்னே எறிகின்றது. பின்னே வருபவர் துவிச்சக்கரவண்டியில் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையாக இருக்கலாம்.

எனவே முதலிற் கேட்கவேண்டிய வினா, ஸ்பேசர் வேண்டுமா என்பதேயாகும். அலோய் சில்லின் மேல் ‘ஈரி’ என்ற இரு ஆங்கில எழுத்துக்களோடு ஓர் எண் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். குடத்தோடு பொருந்தும் முகம், சில்லின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் வெளியே உள்ளது என்பதை அவ்வெண் கூறும். 45 என்றிருக்கும் சில்லுக்கு 15 மில்லிமீற்றர்த் தட்டு வைத்தால், அது 30 என்ற எண்ணுடைய சில்லுக்குச் சமமாகிவிடும். 30 என்ற எண்ணுடைய சில்லே கிடைக்குமாயின் அதை வாங்குவதே அறிவுடைமை, தட்டு வேண்டியதேயில்லை. அழகுக்காக மட்டும் தட்டுத் தேடுவோருக்கு இப்பேச்சில் அதிகம் சொல்வதற்கில்லை.

சில்லு பிறேக்கிலோ அதிர்வுதாங்கியிலோ உண்மையாகவே உராய்கின்றதென்றால், தேவையான அளவே தட்டு வேண்டும். இங்கேதான் வகை அறிந்து தேர்தல் அவசியமாகின்றது. மெல்லிய தட்டு, வண்டியின் பழைய ஆணிகளிலேயே கோத்து வைக்கப்படுவது. தட்டின் தடிப்பு எவ்வளவோ, நட் பற்றிக்கொள்ளும் ஆணியின் நீளம் அவ்வளவு குறைகின்றது. ஆணியின் விட்டம் எத்தனையோ அத்தனை நீளமேனும் நட் புரியைப் பற்றவேண்டும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் விதி. 12 மில்லிமீற்றர் ஆணியில் ஒரு புரிக்கும் மறுபுரிக்கும் இடைவெளி 1.5 மில்லிமீற்றராயின், நட் முழுமையாக 8 சுற்றுச் சுற்றவேண்டும், 1.25 ஆயின் ஏறத்தாழ 10 சுற்று. சில்லைப் பூட்டும்போது விரலாலேயே சுற்றி எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கை குறைந்தால் நீண்ட ஆணிகளை மாற்றவேண்டும்; இல்லையேல் தட்டைக் கைவிடவேண்டும்.

தடித்த தட்டுக்கள் வேறு வகையின. தட்டைக் குடத்தில் தனி நட்களால் இறுக்கி, தட்டிலேயே உள்ள வேறு ஆணிகளில் சில்லைப் பூட்டுவது அவ்வகை. பொதுவாக 20 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புக்கு இதுவே ஏற்றது. அதனிலும் மெல்லியதாயின் வண்டியின் ஆணிமுனைகள் தட்டைத் தாண்டி நீண்டு, சில்லு பொருந்தாமல் முட்டும்.

எந்த வகையாயினும் நடுத்துவாரம் குடத்தின் விளிம்பிற் சரியாக அமரவேண்டும். ரொயோட்டா விற்ஸ், சுசுகி வாகன்ஆர் ஆகிய இரண்டிலும் ஆணிகள் நான்கு, அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர், நடுத்துவாரம் 54.1. ஆகவே ஒன்றின் சில்லு மற்றதற்குப் பொருந்திவிடும். ஆனால் விற்ஸின் புரி 1.5, வாகன்ஆரின் புரி 1.25. ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றினால் முதலிற் சுற்றுவது போலத் தோன்றிப் பின் இறுகும். இறுகிவிட்டதென்று எண்ணி வண்டியை எடுப்பவர் புரியை அழித்தவராவார். மொறிஸ் மைனரின் வட்டமோ 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். யப்பானியச் சில்லு கண்ணளவில் அதற்குப் பொருந்தியது போலவே இருக்கும். எனினும் அந்த 1.6 மில்லிமீற்றர் வேறுபாட்டை ஆணிகள் ஓயாது சுமக்கவேண்டிவரும். பல கார்களுக்கும் பொருந்துமென்று நீள்துளைகளோடு விற்கப்படும் தட்டுக்களும் இதனாலேயே ஒதுக்கத்தக்கவை. ஒன்றன்மேலொன்றாக இரண்டு தட்டு அடுக்குவது அதனிலும் கொடிது. கடைச்சற் பட்டறையிற் கடைந்தெடுத்த தட்டாயின், சுற்றிலும் ஒரே தடிப்புள்ளதா என்று அளவுகோலால் அளந்தறியவேண்டும்.

சில்லைத் தாங்குவது ஆணிகளே என்பர். ஆணிகள் இறுக்குவதனால் இரு முகங்களுக்குமிடையே எழும் உராய்வே சுமையைத் தாங்குகின்றது என்பதே உண்மை. ஸ்பேசர் வைத்தவுடன் ஒரு பொருத்து இரண்டாகின்றது. செம்மண்ணும் துருவும் புக இரண்டு வாயில்கள் ஆகின்றன. ஆதலின் பூட்டுமுன் குடத்தின் முகத்தைக் கம்பித்தூரிகையால் தேய்த்து வெள்ளிரும்பு தோன்றச் செய்யவேண்டும். நட்டைக் காலால் மிதித்து இறுக்குவதை விட்டு, முறுக்களவு காட்டும் சாவியால், வண்டியின் கைந்நூல் கூறும் அளவுக்கு இறுக்கவேண்டும். ரொயோட்டாவின் சிறு கார்களுக்கு அவ்வளவு 103 நியூற்றன் மீற்றர். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஒருமுறை போய் மீண்டதும், சில்லு ஆறியபின், அதே சாவியை மீண்டும் வைத்துப் பார்க்கவேண்டும். தட்டுத் தனி நட்களால் இறுக்கப்பட்டதாயின், சில்லைக் கழற்றி உள்ளிருக்கும் அந்த நட்களையும் பார்த்தாலன்றி வேலை முடிந்ததாகாது.