வீட்டுக்கு முன்னால் பட்டா! – கிராமப்புற வீட்டுமனை உரிமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை



ஒரே ஒரு கேள்வி. நீங்க குடியிருக்கிற மனை யார் பேர்ல இருக்கு?

"பாட்டன் காலத்துல இருந்து இங்கதான் இருக்கோம்"னு சொல்லுவீங்க. வாஸ்தவம்தான். ஆனா தாலுகா ஆபீஸ்ல அந்த வார்த்தை செல்லாது. காகிதம் கேட்பாங்க.

1971-இல் தமிழ்நாட்டில் குடியிருப்புச் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிகளுக்கு அந்த அடிமண்ணையே சொந்தமாக்கிய சட்டம் அது. ஏன் தேவைப்பட்டது? காலடி மண் பண்ணையார் கையில் இருந்தால், கூலியைக்கூட நிமிர்ந்து கேட்க முடியாது!

இன்றைக்கு வீடு கட்டத் திட்டங்கள் இருக்கின்றன. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாய் அலகுத் தொகை. மாநில அரசு 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி வீடு. ஆனால் சொந்த மனை இல்லாதவருக்கு? ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஓலைக் குடிசையில் கிடப்பவருக்குத்தான் வீடு அவசரம். அவர் கையில்தான் பட்டா இல்லை!

அதனால நீங்க செய்ய வேண்டியதைச் சொல்றேன்.

✊ பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்கா? வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பெயர் மாற்றத்துக்கு இப்பவே மனு கொடுங்க.

✊ கூட்டுப் பட்டாவா? உட்பிரிவு செய்து தனிப் பட்டா கேளுங்க.

✊ நத்தம் புறம்போக்கில் குடியிருக்கீங்களா? ஜமாபந்தியில் மனு கொடுங்க. ஒப்புகைச் சீட்டு வாங்காம திரும்பாதீங்க.

✊ புதுசா மனை வாங்குறீங்களா? வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்க்காம, அங்கீகாரம் இருக்கான்னு கேட்காம ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீங்க. "அப்புறம் அப்ரூவல் வந்துரும்"கிற பேச்சை நம்பாதீங்க.

நீர்நிலையில் பட்டா தர முடியாது என்கிறார்கள். சரி, ஏரி ஊருக்குப் பொது. அதைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் குடிசையை இடிக்கும் முன்னால் மாற்று மனை எங்கே? பிரதமர் திட்டத்தின் வழிகாட்டுதலே நிலமற்றவருக்கு மாநில அரசு நிலம் தர வேண்டும் என்கிறது. இது நாம் கேட்கிற தானம் இல்லை. அரசே ஏற்றுக்கொண்ட கடமை!

அடுத்த கிராம சபைக்குக் குடும்பத்தோடு வாங்க. நம்ம ஊரில் மனை இல்லாதவர் பட்டியலைத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்க. பெண்கள் முன்வரிசையில் உட்காருங்க. பட்டாவும் உங்க பேர்ல வரட்டும்.

மனை நம் உரிமை! பட்டா நம் பாதுகாப்பு!



#மனைப்பட்டா #கிராமசபை