வேப்பமரத்து நிழலும் புண்பட்ட மனமும்

(ஜூபிலி விழா மாலையில் நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி மேடையில் பங்குச் சாமியார் ஏறினால் கோயில் எழும்பிய வரலாறு, மணி வந்த வரலாறு என்று தொடங்குவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை மலர்க் குழுவினர் நம்மைவிட நன்றாகவே எழுதிவிட்டார்கள். நாம் பேசப்போவது கோயிலுக்குப் பின்னால் வேப்பமரங்களோடு கிடக்கும் காலியிடத்தைப் பற்றி. அதற்குச் சற்றுச் சுற்றிப் போகவேண்டும், பொறுத்தருளுங்கள்.

வேறொரு பங்கில் நாம் இருந்தபோது, சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயைக் காணச் சென்றோம். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் படித்த கையோடு அரைமணி நேரம் மறுவாழ்வைப் பற்றி விளக்கினோம். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் லாரி போகும்போதெல்லாம் அவர் உடம்பு தூக்கிப் போட்டதை நாம் கண்டோம்; கண்டும் பேச்சை நிறுத்தவில்லை. இன்றும் அதை நினைத்தால் நமக்கு வெட்கமாக இருக்கிறது. சில மாதங்கள் கழித்துப் போனால் அவர் வீட்டில் இல்லை. அண்ணனுடைய கடலைக்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நாமும் வரப்பில் உட்கார்ந்தோம். இம்முறை நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நெடுநேரம் கழித்து அவரே, “சாமி, இங்க வந்தாத்தான் மூச்சு விட முடியுது” என்றார். பிறகு மகனைப் பற்றிப் பேசினார். கை களையைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது.

இது ஏன் என்று பின்னர் மருத்துவர்களிடமும் நூல்களிலும் தேடினோம். பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவரின் உடம்பு, ஆபத்து முடிந்துவிட்டது என்பதை நம்ப மறுக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை, சிறு ஓசைக்கும் திடுக்கிடுகிறது. “நடந்ததைச் சொல்” என்று நான்கு சுவருக்குள் எதிரில் உட்கார்ந்து கேட்டால் வாய் அடைத்துப்போகிறது. வெட்டவெளியிலோ கண்ணுக்குத் தொலைவு கிடைக்கிறது, கைக்கு வேலை கிடைக்கிறது. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விதைத்தது முளைக்கும்போது, நாளை என்று ஒன்று உண்டு என்பதை மண்ணே காட்டிவிடுகிறது. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார். சன்னலில் மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினார்கள். வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சன்னல் வழியே பார்த்ததற்கே இவ்வளவு பலன்!

விவிலியம் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் எடுத்து வாசியுங்கள். உயிருக்கு அஞ்சி ஓடிய எலியா, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து சாவைக் கேட்கிறார். வானதூதர் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மீண்டும் உறங்க விடுகிறார். இரண்டாம் முறையும் உணவு. பிறகு நாற்பது நாள் நடை. ஆண்டவர் பேசியதெல்லாம் அதற்குப் பின்னர்தான். நாமோ முதல் நாளிலேயே பேசிவிடுகிறோம்!

இதைச் செயலில் காட்டியவர் நம் இனத்துக் குரு ஒருவர். இலங்கையின் மட்டக்களப்பு, போரில் சிதைந்த ஊர். அங்கே 1990 ஆகஸ்டில் அமெரிக்க இயேசு சபைக் குருவான யூஜீன் ஹெபர்ட் அடிகளார் பயணத்தின்போது காணாமற் போனார், திரும்பவே இல்லை. பெற்றோர் கொல்லப்பட்டதைக் கண்ணால் கண்ட குழந்தைகள் அங்கு எத்தனையோ பேர். அதே சபையைச் சேர்ந்த பால் சற்குணநாயகம் அடிகளார், உளவளத்துணையில் பயிற்சி பெற்றவர். கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனோடு சேர்ந்து 1996-இல் அவர் ஒரு தோட்டத்தைத் தொடங்கினார். வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று அதற்குப் பெயர். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் வாரம் ஒருநாள், மாதக்கணக்காக அங்கு வந்தார்கள். செடி நட்டார்கள், களிமண்ணில் உருவம் செய்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டி நடித்தார்கள். அடிபட்ட பிராணிகளையும் பேணினார்கள். சொல்ல முடியாத துயரம் களிமண்ணிலும் கதையிலும் வெளிவந்தது. ஊர்ப் பெரியவர்கள் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், பிள்ளைகள் ஒரே பாத்தியில் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெல்ஜியம் நாட்டில் கீல் என்ற ஊரில், புனித டிம்ப்னாவின் கோயிலுக்கு வந்த மனநோயாளிகளை ஊரார் தங்கள் வீடுகளில் ஏற்று, வயல்வேலையிலும் கூடச் சேர்த்துக்கொண்டார்கள். நூற்றாண்டுகள் பல கடந்தும் அந்த வழக்கம் நிற்கிறது. நம் நாட்டிலோ 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். இதற்குமேல் அதைப்பற்றிப் பேச மனம் வரவில்லை.

இது நம் மண்ணுக்கு அந்நியம் என்று நினைக்கவேண்டாம். ஏலாக்குறிச்சியில் அரியலூர் அரசரின் பிளவையை வீரமாமுனிவர் அவ்விடத்துப் பச்சிலையும் மண்ணும் கொண்டு, அடைக்கல அன்னையை வேண்டிக் குணப்படுத்தினார் என்று வழிவழியாகச் சொல்கிறோமே! துயரமும் நமக்கு அந்நியமில்லை. 1956 நவம்பர் 23 விடியலில் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை நாடே பேசியது. உயிர் தப்பியவர்கள் பின்னர் எப்படித் தூங்கினார்கள் என்பதை யார் கேட்டார்கள்? இன்றும் நம் சாலைகளில் லாரிக்குப் பலியானவர் வீடுகளில், காரியம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தோட்டம் மருந்துக்கு மாற்று அன்று. தூக்கமின்றித் தவிப்பவரை, சாகவேண்டும் என்று பேசுபவரை உடனே அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். “பேய் பிடித்திருக்கிறது, மந்திரியுங்கள் சாமி” என்று முதலில் நம்மிடம் கூட்டிவர வேண்டாம். செபிப்போம், மருத்துவரிடமும் போவோம்.

இப்போது அந்தக் காலியிடத்துக்கு வருகிறோம். அங்கே மண்டபம் கட்டவேண்டும் என்று ஜூபிலிக் குழு விரும்புவதை அறிவோம். வாடகை வரும், பங்குக்கு வருமானம், கணக்கு சரிதான். ஆயினும் அந்த வேப்பமரங்களை வெட்டிய பின்பு, இருபது ஆண்டு காத்திருந்தால்தான் அந்த நிழல் திரும்பவரும். தெருப்பக்கம் பாதியில் மண்டபம் வரட்டும். மரங்கள் நிற்கும் பாதியை விட்டுவிடுங்கள் என்று கேட்கிறோம். அங்கே நான்கு பாத்தி, உட்காரக் கொஞ்சம் கல், ஒரு தண்ணீர்த் தொட்டி. கணவனை இழந்தவர், பிள்ளையை இழந்தவர், விபத்தில் பிழைத்தவர், எந்த மதத்தவரானாலும் வந்து கத்தரியோ கனகாம்பரமோ வைக்கட்டும். கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்த இரண்டு பேர் போதும். நம் பாட்டிமார்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை குளிர்காலத்தில் கரைவெட்டி ஏரிக்கு அழைத்துப்போய், இமயத்தைத் தாண்டிவரும் பட்டைத்தலை வாத்துகளைக் காட்டலாம்.

குழுவின் கூட்டம் வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் நடைபெறும். மண்டபம் வேண்டும் என்பவர்களும் தவறாமல் வாருங்கள். சனிக்கிழமை மாலை நாம் மண்வெட்டியோடு அங்கே இருப்போம். கருவேல முள்ளை மட்டுமாவது அகற்றிவிடலாம். வீட்டில் கடப்பாரை இருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.