மலையைக் காக்கும் சொல்



மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பாடிய மரபு நம்முடையது. பின்விளைவு எண்ணாமல் வழங்குவதைக் கொடைமடம் என்று புகழ்ந்தோம். இன்று நான் எடுத்துரைக்க விழைவது அதற்கு நேர்மாறான கொடை. கொடுத்த பொருளைப் பெற்றவர் கையிலிருந்தும் காக்க வேண்டும் என்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துக் கொடுத்த கொடை அது.

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெயின் மாநிலத்தில், 5,267 அடி உயர்ந்து நிற்கிறது கட்டாடின் மலை. பெனாப்ஸ்காட் பழங்குடியினரின் மொழியில் அப்பெயருக்குப் 'பெருமலை' என்று பொருள். 1846இல் அறிஞர் தோரோ இதில் ஏறி, மேகம் சூழ்ந்தமையால் உச்சி காணாமலே திரும்பினார். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, சுற்றியிருந்த காடெல்லாம் மர வணிகர்க்கும் காகித ஆலைகளுக்கும் உரிமையாகியிருந்தது.

பெர்சிவல் பாக்ஸ்டர் 1921 முதல் 1925 வரை அம்மாநிலத்தின் ஆளுநர். மலையை வாங்கிப் பொதுமக்களின் பூங்காவாக்குங்கள் என்று சட்டமன்றத்தை அவர் வேண்டினார், மன்றம் இணங்கவில்லை. பதவி முடிந்தபின், 1930இல், கட்டாடினின் பெரும்பகுதியை உள்ளடக்கிய ஏறத்தாழ 6,000 ஏக்கரை ஒரு காகித நிறுவனத்திடமிருந்து 25,000 டாலருக்குத் தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். மறு ஆண்டே அதை மாநிலத்துக்கு அளித்தார். அத்துடன் அவர் ஓயவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறிது சிறிதாக வாங்கி வாங்கி அளித்துக்கொண்டே இருந்தார். 1962இல் கடைசிக் கொடை நிறைவேறியபோது மொத்தம் 201,018 ஏக்கர்.

இக்கொடையின் உயிர்நாடி பரப்பளவில் இல்லை; கொடைப்பத்திரங்களின் வாசகத்தில் இருக்கிறது. இந்நிலம் என்றென்றும் இயற்கை நிலையிலேயே விடப்படவேண்டும், விலங்குக்கும் பறவைக்கும் புகலிடமாக வேண்டும் என்பது அதன் சாரம். மாநிலம் இங்கே உடைமையாளர் போல் நடந்துகொள்ள இயலாது, அறங்காவலர் மட்டுமே. நம் கல்வெட்டுகள் 'சந்திராதித்தவரை' என்று எழுதிய அதே கவலைதான் இந்த 'என்றென்றும்' என்ற சொல்லிலும் ஒலிக்கிறது. நாளைய ஆட்சி வரிப்பணம் இல்லை என்று கைவிரித்துவிடக் கூடாதே என்று, பராமரிப்புக்கும் தனி அறநிதி வைத்துவிட்டு 1969இல் அவர் மறைந்தார்.

அவர் பிடிவாதக்காரர் மட்டும் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். சில பகுதிகளில் வேட்டைக்கு இடம் விட்டார். வடமேற்கு மூலையில் அறிவியல் முறையில் மரம் வளர்த்து வெட்டவும் இசைவளித்தார். எங்கே விட்டுக்கொடுத்தார், எங்கே கொடுக்கவில்லை என்பதைப் பத்திரந்தோறும் தனித்தனியே எழுதி வைத்தார்.

அவர் விரும்பியும் கைக்கு எட்டாத கட்டாடின் ஏரிப்பகுதி 2006இல் பூங்காவுடன் சேர்ந்தது. கிழக்கே ராக்சேன் குவிம்பி என்ற தொழில்முனைவர் காடுகளை வாங்கினார். அவருடைய அறக்கட்டளை அளித்த ஏறத்தாழ 87,500 ஏக்கர், 2016இல் குடியரசுத் தலைவர் ஒபாமாவால் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் உள்ளூரில் பல ஆண்டுகள் எதிர்ப்பு இருந்தது. காட்டையும் ஆலையையும் நம்பிப் பிழைத்தவர்க்குக் கொடை என்பது கதவடைப்பாகவும் தோன்றும் அல்லவா? அவர்கள் அச்சத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது.

இன்னொன்றும் நெஞ்சை உறுத்துகிறது. பத்திரத்தில் விற்றவர் பெயர் உண்டு, வாங்கியவர் பெயர் உண்டு. மலைக்குப் பெயரிட்டவர்களின் ஒப்பம் அங்கே இல்லை. எனினும் பெனாப்ஸ்காட் மக்கள் இன்றும் தங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 100 மைல் தொலைவை ஓடியும் துடுப்புப் படகிலும் கடந்து கட்டாடினை அடையும் புனிதப் பயணத்தை மேற்கொள்கின்றனர். மலை வெட்டுண்டு போகாமல் நிற்பதால்தான் அந்தப் பயணத்துக்குச் சேருமிடம் இருக்கிறது. கொடையின் பெருமையையும் அதன் குறையையும் சேர்த்தே நாம் காண வேண்டும்.

கவிஞர்களே, சொல்லால் என்ன ஆகும் என்று நம்மைக் கேட்பவர் உண்டு. இரண்டு இலட்சம் ஏக்கர் காட்டுக்கு இன்று காவல் நிற்பவை ஒரு தனிமனிதர் பொருள் தெளிந்து எழுதிய சில வரிகள். நாம் எழுதும் சொல்லிலும் அத்தகைய பொறுப்பு இருக்கட்டும் என்று வேண்டி அமைகிறேன்.