மன்னிக்கப்படாத பாவம் எது?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பாவத்தைப் பற்றியா பேசுவது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் வன்னியில் பெண்கள் நாலுபேர் மனம்விட்டுக் கதைக்கும்போது, கடைசியில் மெல்லிய குரலில் வரும் கேள்வி ஒன்று உண்டு. "நான் செய்ததைக் கடவுள் மன்னிப்பாரா?" என்பதே அது. வேதாகமத்தில் மன்னிப்பே இல்லாத பாவம் ஒன்று சொல்லப்பட்டிருக்கிறதே, அது தன்னுடைய பாவம்தானோ என்று பயந்து, அதை யாரிடமும் சொல்லாமல் வாழ்கிறவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். எனவேதான் இந்தத் தலைப்பைத் தெரிந்தெடுத்தோம்.

முதலில் நற்செய்தியில் உள்ளதைப் பார்ப்போம். மத்தேயு 12ஆம் அதிகாரம், மாற்கு 3ஆம் அதிகாரம், லூக்கா 12ஆம் அதிகாரம் ஆகிய மூன்று இடங்களில் இது வருகிறது. கத்தோலிக்கர் இதனைத் தூய ஆவிக்கு எதிரான பழிப்புரை என்பர். மற்றச் சபையினர் பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் என்பர். இரண்டும் ஒன்றுதான்.

மத்தேயு சொல்லும் சம்பவம் இது. பார்வையும் பேச்சும் இல்லாத ஒருவரை இயேசு குணமாக்குகிறார். கூடியிருந்த மக்கள் வியக்கிறார்கள். பரிசேயரோ, பேய்களின் தலைவனைக் கொண்டே இவர் பேய்களை ஓட்டுகிறார் என்கிறார்கள். மாற்கு நற்செய்தியில் இதே குற்றச்சாட்டை எருசலேமிலிருந்து வந்த மறைநூல் அறிஞர் சொல்கிறார்கள். அவர்கள் படித்தவர்கள். கண்முன்னே நன்மை நடந்திருக்கிறது. அது நன்மை என்று தெரியாதவர்கள் அல்லர். தெரிந்துகொண்டே அதற்குப் பேயின் பெயரைச் சூட்டினார்கள். அவர்களைப் பார்த்துத்தான் இயேசு அந்தக் கடுமையான வார்த்தையைச் சொன்னார்.

அந்த வார்த்தைக்கு இரண்டு பாதிகள் உண்டு. பயந்த மனம் இரண்டாம் பாதியை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். முதற்பாதியோ, மனிதர் செய்யும் எல்லாப் பாவங்களும் பழிப்புரைகளும் மன்னிக்கப்படும் என்ற உறுதி. அந்தப் பெரிய வாக்குறுதியைச் சொன்ன பிறகே விதிவிலக்கு வருகிறது. அந்த விதிவிலக்கிற்குக் காரணத்தையும் மாற்கு அதே இடத்தில் எழுதிவிடுகிறார். அவரிடம் அசுத்த ஆவி இருக்கிறது என்று அவர்கள் சொன்னதால்தான் இப்படிச் சொன்னாராம். ஆகவே இது கோபத்தில் வாய்தவறி வந்த சொல்லைப் பற்றியது அல்ல. துன்பத்தின் உச்சியில் "கடவுள் எங்கே போனார்?" என்று கதறியதைப் பற்றியதும் அல்ல. திருப்பாடல்களில் பாதி அப்படிப்பட்ட கதறல்தானே.

பழைய ஞானோபதேச வகுப்புகளில் தூய ஆவிக்கு எதிரான பாவங்கள் ஆறு என்று மனனம் செய்தவர்கள் இங்கே இருப்பீர்கள். இறை இரக்கத்தில் நம்பிக்கை இழத்தல், மன்னிப்பு எப்படியும் கிடைக்கும் என்ற அகந்தை, அறிந்த உண்மையை எதிர்த்தல், பிறர் பெற்ற அருளைக் கண்டு பொறாமைப்படுதல், பாவத்தில் பிடிவாதம், சாகும்வரை மனந்திரும்பாமை என்பவையே அவை. புனித தோமா அக்குவினார் 13ஆம் நூற்றாண்டில் இந்த ஆறையும் விளக்கினார். அவருக்கு முன்னரே புனித அகுஸ்தீனார், இறுதிவரை மனந்திரும்ப மறுப்பதே அந்தப் பாவம் என்று போதித்தார். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1986இல் தூய ஆவியைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலும், 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 1864ஆம் எண்ணிலும் இதே கருத்துத்தான் உள்ளது. கடவுளின் இரக்கத்திற்கு எல்லை இல்லை. ஆனால் அதனை வேண்டாம் என்று வேண்டுமென்றே தள்ளுகிறவருக்கு அது எப்படிச் சேரும்?

மழை எல்லா முற்றத்திலும் ஒரேமாதிரித்தான் பெய்கிறது. குடத்தைக் கவிழ்த்து வைத்தால் ஒரு சொட்டும் நிரம்பாது. அது மழையின் குறையல்ல. கவிழ்ந்த குடத்தை எந்த நேரத்திலும் நிமிர்த்தலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சைவப் பிள்ளைகளுக்கும் இது புதிய கருத்தல்ல. புறநானூற்றின் 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் பெரும் பாவங்கள் சிலவற்றை வரிசையாகச் சொல்லி, அவற்றுக்கெல்லாம் கழுவாய் உண்டு, நன்றியைக் கொன்றவர்க்கோ உய்தி இல்லை என்று அறம் பாடியதாகக் கூறுகிறார். வள்ளுவரும் செய்ந்நன்றியறிதலில் அதையே சொல்கிறார். கொடுமையின் அளவைப் பார்த்து அவர்கள் இந்த முடிவுக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பெற்ற நன்மையை நன்மையென்று ஒப்ப மறுக்கும் மனத்தையே மீட்பில்லாதது என்றார்கள். மறைநூல் அறிஞரிடம் இயேசு கண்டதும் அந்த மனத்தைத்தான்.

அப்படியானால், பெரிய பாவம் என்று நாங்கள் நினைப்பவற்றைத் திருச்சபை எப்படிப் பார்த்தது? பேதுரு தன் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்றுமுறை மறுதலித்தார். அழுதார், திரும்பினார், தலைவரானார். எங்கள் மண்ணிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பலர் பயத்தால் வெளியே ஒல்லாந்தரின் சபைக்குப் போய், அங்கேயே திருமணத்தைப் பதிந்து, பிள்ளைகளுக்கும் அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார், இவர்கள் விசுவாசத்தை விற்றவர்கள் என்று கதவைச் சாத்தவில்லை. இரவில் வீடு வீடாகப் போய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்டு அவர்களைச் சேர்த்துக்கொண்டார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுத் திருத்தலத்திற்கு வந்து, இந்த நாட்டில் நடந்த தீமைகளுக்காக மனம் வருந்தவும் பரிகாரம் செய்யவும் அருள் வேண்டிச் செபித்தார். அன்று மடுவில் நின்ற எங்களில் பலருக்கு அந்தச் செபம் இன்னும் நினைவிருக்கும்.

இனி எங்கள் சொந்தக் காயங்களுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. முல்லைத்தீவுக் கரையில் பிள்ளையின் கையைப் பிடித்திருந்தும் தண்ணீர் பிடுங்கிக்கொண்ட தாய்மார் இருக்கிறார்கள். 2009இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில், நடக்கமுடியாத தாயைப் பங்கருக்குள் விட்டுவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். இறந்தவரை மண்மூடவும் நேரமில்லாமல் வந்தவர்கள் இருக்கிறார்கள். இருந்த ஒரு பிடி அரிசியைப் பக்கத்துப் பங்கருக்குக் கொடுக்காமல் ஒளித்தவர்களும் இருக்கிறார்கள். பிறகு செட்டிகுளம் முகாம்களின் கூடாரங்களில், நித்திரை வராத இரவுகளில், இவற்றையெல்லாம் பாவக்கணக்காக எழுதிக்கொண்டார்கள். முகாம்கள் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டன. அந்தக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை.

அந்தச் சகோதரிகளுக்கு நாங்கள் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். இவற்றில் பல பாவமே அல்ல. முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாமல் சாவான பாவம் இல்லை என்று நாங்கள் படித்தோமே. செல் மழைக்குள் ஓடியவளுக்குத் தெரிவு எங்கே இருந்தது? பாவமாக இருந்தவையும் மன்னிக்கப்படக்கூடியவை. ஆயுதம் ஏந்தி உயிர் எடுத்தவருக்கும், உயிருக்குப் பயந்து இன்னொருவரைக் காட்டிக்கொடுத்தவருக்கும், மனம் வருந்தி வந்தால் அந்தக் கதவு திறந்தேயிருக்கிறது. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று நடுங்குகிறவள் அதைச் செய்யவில்லை என்று ஆன்ம குருக்கள் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தப் பாவத்தைச் செய்தவருக்கு அந்தப் பயமே இருக்காது.

தற்கொலையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. தன்னுயிரை எடுத்தவர் மீட்பில்லாதவர் என்று எங்கள் பாட்டிமார் நம்பினார்கள். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், தெரிந்தே அப்படிச் செய்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. சேமக்காலையில் இடம் கிடைக்காத துயரத்தைச் சுமந்த குடும்பங்கள் உண்டு. 1983இன் புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் மனவேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் இன்றைய மறைக்கல்வி போதிக்கிறது. அப்படிப் பிள்ளையை இழந்த தாய் இங்கே இருந்தால், அம்மா, உங்கள் பிள்ளைக்குப் பூசை ஒப்புக்கொடுங்கள். யாருக்கும் அஞ்ச வேண்டாம். மனம் இருண்டு போயிருக்கும் பிள்ளை யாராவது இதைக் கேட்டால், ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

இன்னுமொரு குழப்பத்தையும் தீர்க்கவேண்டும். "நீ மன்னிக்காவிட்டால் கடவுளும் உன்னை மன்னிக்கமாட்டார்" என்று காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரிடம் சிலர் சொல்லிவிடுகிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் அந்தத் தாய்மார் வீதியோரம் அமர்ந்தார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் கண்மூடிவிட்டார்கள். 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் அவர்களும் திரும்பவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்பது பகைமை அல்ல. யாரும் தான் செய்தேன் என்று சொல்லாத நிலையில், எதை, யாருக்கு மன்னிப்பது? மனந்திரும்புதலுக்கு முதற்படி உண்மை. அதனைக் கேட்கிற தாய் மன்னிப்புக்கு வழி திறக்கிறாள். அவளைக் குற்றவாளி ஆக்கக்கூடாது.

ஆகவே, அந்தக் கடும் வார்த்தை யாரைத் தொடுகிறது என்றால், அழுகிறவளை அல்ல, அவளுடைய அழுகையைப் பொய் என்கிறவரைத்தான். மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில், அரசு நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு முன்னிலையில், அரச அலுவலகங்களின் புள்ளிவிபரங்களையே எடுத்துக்காட்டி, வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அவர் கேட்டது கணக்கு. அவருக்குக் கிடைத்ததோ துரோகி என்ற வசையும் விசாரணையும். அவர் 2021 ஏப்ரல் முதலாம் திகதி இறைவனடி சேர்ந்தார். கேள்வி இன்னும் இருக்கிறது. எந்தப் பக்கத்தவராயினும், அறிந்த உண்மையை எதிர்ப்பவர் அந்த ஆறில் ஒன்றின் அருகே நிற்கிறார். அவரும் திரும்பலாம். திரும்பும்வரை ஆபத்து அவருக்கே.

அந்த ஆபத்து எங்கள் ஒழுங்கைகளிலும் உண்டு. புனர்வாழ்வு முடித்து வந்த பிள்ளை கோழி வளர்த்து, தையல் தைத்து, தாயைப் பார்க்கிறாள். அவளிடம் காசு ஏது என்று ஊர் கதை கட்டுகிறது. கணவனை இழந்தவள் வெளுத்த சேலையை விட்டு நிறச்சேலை உடுத்தினால் அதற்கும் ஒரு பெயர் வைக்கிறது. ஒருத்தி எழுந்து நிற்பது கடவுளின் வேலை. அதற்குப் பேயின் பெயரைச் சூட்டுவதுதானே அந்த மறைநூல் அறிஞர் செய்தது. எங்கள் பாடசாலையில் படித்தவர்கள் இருக்கும் இடத்தில் அந்தக் கதை எடுபடக்கூடாது.

அன்பான சகோதரிகளே, இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒவ்வொரு வகுப்பினரும் ஒன்று செய்வோம். எங்களோடு படித்து, ஒன்றுகூடலுக்கு வராமல் ஒதுங்கியிருக்கும் ஒருத்தியைத் தேடிப்போவோம். புலத்தில் இருப்பவர்கள் தொலைபேசியில் அழைக்கலாம். போதிக்க வேண்டாம். அவள் சொல்வதைக் கேட்டால் போதும். "என்னை மன்னிப்பாரா?" என்று அவள் கேட்டால், "ஓம்" என்று தயங்காமல் சொல்லுவோம். இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.